கம்பெனி வாசலில் நின்ற குரல்

சங்குமுனையில் ஐப்பசி மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து, மனசாரச் சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே நிற்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாது, கையில் அகப்படாது, ஆனால் சொன்னவர் நின்ற இடத்தில் போய் நின்றால் அதே குரலில், அதே மூச்சில், அதே இருமலோடு காதில் விழும், ஓரடி விலகினால் விழாது. முதலில் ரேஷன் கடை வாசலில் யாரோ பாமாயிலுக்காகப் போட்ட சண்டை நின்றது, அடுத்து பஸ் ஸ்டாண்டில் ஒரு தகப்பன் வெளிநாடு போகிற மகனிடம் சொன்ன “சாப்பிட்டுக்கய்யா” நின்றது, அப்புறம் ஊர் முழுக்க நின்றது. செல்போனில் பிடிக்கப் பார்த்தவர்களுக்குக் காற்று இரைச்சல்தான் கிடைத்தது. இது எதனால் என்று இரண்டு வாரம் பேசினார்கள், மூன்றாவது வாரம் மீன் விலை ஏறிவிட்டதால் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

மனசாரச் சொன்னது மட்டும்தான் நிற்கும் என்பது தேர்தல் கூட்டத்தில்தான் ஊருக்கு விளங்கியது. நாலு பேர் மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பேசிவிட்டுப் போன மைதானத்தில் மறுநாள் போய் நின்று பார்த்தால் ஒரு சொல் இல்லை, மைக் செட்காரர் “ஒயர மிதிக்காதியடா” என்று கத்தியது மட்டும் கொடிக்கம்பத்துப் பக்கம் கணீரென்று நின்றது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அவரவர் வீட்டில் என்னென்ன நிற்கிறது என்ற யோசனை வந்தது. மாமியார்கள் அடுப்படிக்குப் போய் நின்று பார்த்தார்கள், மருமகள்கள் கொல்லைப்புறம் போய் நின்று பார்த்தார்கள், அந்த வாரம் மூன்று வீடுகளில் தனிக்குடித்தனம் நடந்தது.

சொல்லை அப்புறப்படுத்த வழி கண்டுபிடித்தவள் சண்முகவடிவு. நகராட்சியில் இருபத்திரண்டு வருஷமாகத் தெருக் கூட்டுகிறவள், புருஷன் போனபின் ஒரே மகள் பொன்ரேகாவை வைத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தவள். பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தில் நின்ற ஒரு கெட்ட வார்த்தையை, கூட்டிக்கொண்டே, வாயில் உப்புக்கல்லைப் போட்டுக்கொண்டு, எதையோ நினைத்தபடி தன்பாட்டுக்குத் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அது இடத்தைவிட்டுப் போயிருந்தது. அவள் நினைவிலிருந்தும் போயிருந்தது. அந்த இடத்தில் ஏதோ ஒன்றை எடுத்தோம் என்று தெரிந்ததே ஒழிய என்ன எடுத்தோம் என்று தெரியவில்லை. நின்ற சொல்லுக்குள் போய் நிற்க வேண்டும், நாக்கடியில் ஒரு கல் உப்பு வைத்து புத்தியை அந்தக் கரிப்பில் கட்டிப்போட வேண்டும், அர்த்தம் மனசில் ஏறாமல் அந்தச் சொல்லை முழுசாக ஒருதரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. சொல்லக் கேட்டால் லேசாகத்தான் இருக்கும். செய்து பார்த்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மனசு ஒட்டிக்கொண்டு, எடுக்கப் போன சொல்லோடு அவர்கள் குரலும் பக்கத்தில் சேர்ந்து நின்று ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது.

வடிவுக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. நகராட்சி அவளுக்குப் பச்சைக் கோட்டு கொடுத்து, உலகம்மாளையும் இன்னும் இரண்டு பெண்களையும் கீழே போட்டு, “பொது இடச் சொல் அகற்றும் பிரிவு” என்று பெயரும் வைத்தது. இதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போனவர்கள் “வடிவக்கா, நம்ம கடைப் பக்கம் கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்றார்கள், நாற்காலி எடுத்துப் போட்டார்கள், கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார்கள். அந்த டம்ளரைக் கையில் வாங்கிய அன்று வடிவு வீட்டுக்கு வந்து மகளிடம் அதை மூன்று தரம் சொன்னாள், மூன்று தரமும் ரேகா புதுசாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

எதை எடுப்பது, எதை விடுவது என்ற பஞ்சாயத்து நகராட்சி மன்றத்தில் ஒரு வருஷம் நடந்தது. கெட்ட வார்த்தையை எடுப்பதில் எல்லோருக்கும் சம்மதம். பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் விடலைகள் விட்ட சொல்லையெல்லாம் எடுத்ததில் பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்து சாதிச் சண்டைப் பேச்சை எடுத்தார்கள், அதற்கும் தலையாட்டினார்கள். பிறகு, கோயில் வாசலில் “எங்கள ஏன் உள்ள விடமாட்டேங்கிய” என்று ஒருவர் கேட்டிருந்த கேள்வியை எடுத்தார்கள், கேள்வியை எடுத்தபின் பதில் சொல்லும் கஷ்டம் யாருக்கும் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றதை எடுத்தார்கள், தாலுகா ஆபீஸ் படியில் நின்றதை எடுத்தார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் மட்டும் எழுந்து, “சொன்னது கேக்கப் பிடிக்கலன்னா தள்ளி நின்னுக்கோங்க, ஓரடிதான?” என்றார். “ஊர்ப் பேரு கெட்டா நீரா வந்து நிமித்துவீரு?” என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் கேட்டார். பொது அமைதிக்குக் குந்தகம் என்று ஒரு தாள் அச்சடித்தார்கள், அந்தத் தாள் வந்தால் வடிவு போவாள். அவளிடமும் சிலர் நியாயம் கேட்டார்கள். “குப்பைய யாரு போட்டான்னு விசாரிச்சுக்கிட்டு இருந்தா தெருவு எப்பம் கூட்டி முடியும்?” என்பாள் அவள், அதில் ஒரு பெருமையும் இருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. பெரிய மனுஷர்கள் எல்லாம் மெல்ல வாயை மூடப் பழகிக்கொண்டார்கள். கண்ணைக் காட்டினார்கள், விரலை ஆட்டினார்கள், கடிகாரத்தைத் தட்டினார்கள், அவர்கள் வேலை நடந்தது. வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும் என்று இருந்தவர்கள் சொல் மட்டும் அங்கங்கே நின்று அகப்பட்டது. ஜனங்களும் ஒரு சோம்பேறித்தனத்துக்கு வந்துவிட்டார்கள். சொன்னதுதான் அங்கேயே நிற்கிறதே, நாம் ஏன் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

ஊருக்குத் தெற்கே இறால் கம்பெனி இருந்தது. ஐந்நூறு பெண்கள் மூன்று ஷிப்டு, உரித்த இறாலைப் பெட்டியில் அடுக்கி உறைய வைக்கும் வேலை, ரேகா அதில் காலை பத்து மணி ஷிப்டு. ஒரு சனிக்கிழமை அந்தத் தாள் வடிவிடம் வந்தது, இடம் கம்பெனி வாசல் என்று. போனாள், உப்புக்கல்லை வைத்தாள், எடுத்தாள், சூப்பர்வைசர் தனபாலன் தலையசைத்து அனுப்பிவைத்தார். நாலைந்து பெண் குரல்கள் சேர்ந்து நின்றதை எடுத்தோம் என்பது நினைவிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்ததும், வாட்ச்மேன் கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததும் நினைவிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை குளிர்ப்பதன அறையில் அமோனியா பைப்பு வெடித்தது. உள்ளே இருந்த பதினொரு பெண்களில் பத்துப் பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மூச்சிருந்தது. பதினொன்றாவது பொன்ரேகா. இருபத்து மூன்று வயது.

வடிவு அழுத அழுகை அவள் வீட்டு வாசலில் நின்றது, அதை எடுக்க யாருக்கும் துணிவில்லை, அந்தச் சந்தில் போகிறவர்கள் சுவரோரமாக ஒட்டி நடந்தார்கள். பதினாறு கழிந்த மறுநாள் ரேகாவுக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த சுபிதா வந்தாள், வந்தவள் உட்காராமல் வாசலிலேயே நின்றாள்.

“அத்தை, ரேகா கடைசியாச் சொன்னது கம்பெனி வாசல்ல நிக்கி. போய்க் கேட்டியளா?”

“கேக்கல தாயி. தெம்பில்ல.”

“நாங்க அதுக்கு முந்தின வாரமே சொன்னோம் அத்தை. வெள்ளிக்கிழமை வாசல்ல நின்னு எல்லாருமாச் சத்தம் போட்டுச் சொன்னோம். அது நின்னுச்சி. போறவாறவன்லாம் கேட்டான். ரெண்டு நாளு அது நின்னிருந்தா ஆபீசர்மாரு யாராவது கேட்டுருப்பாவ. திங்கக்கிழமை வந்து பாக்கோம், இல்ல. எவளோ வந்து எடுத்துட்டுப் போயிட்டா.”

வடிவு எழுந்து வாசலுக்கு வந்தாள். எவளோ என்று அந்தப் பெண் சொன்னதில் சூது இல்லை, நாலு பேரில் யார் வந்தது என்று நிஜமாகவே தெரியாது.

“என்னட்டி சொன்னிய? அன்னைக்கு என்ன சொன்னிய?”

சுபிதா சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கம்பெனி ஆட்கள் தெருத்தெருவாக நடந்து வீட்டு வாசல்களில் நின்று நின்று கேட்டுக்கொண்டு போவது அப்போது வழக்கமாகியிருந்தது. “இங்கன சொன்னா இங்கன நிக்கும் அத்தை. நான் வாயத் தொறக்க மாட்டேன்னு அப்பா கம்பெனியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாவ. என்னைய விட்டுருங்க,” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

வடிவு அன்று முழுக்க உட்கார்ந்து யோசித்தாள். தன் வாயாலேயே சொன்ன சொல்தானே, நாக்கிலாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று தேடினாள். நீலப் பெயின்ட் வந்தது, வெயில் வந்தது, உப்புக் கரித்தது. மகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சொல்லில் ஒரு எழுத்துகூட வரவில்லை. அந்த நாலைந்து குரல்களில் மகள் குரலும் இருந்திருக்கும், அதைக்கூட அடையாளம் தெரியாமல் எடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது எழுந்து போய்ப் பச்சைக் கோட்டை அடுப்பில் வைத்தாள். அது நல்ல கனமான துணி, சீக்கிரம் எரியவில்லை.

மறுநாள் கம்பெனி வாசலுக்குப் போனாள். கேட்டுக்கு வலது பக்கம், வேப்பங்கன்றுக்கு முன்னால் போய் நின்றதும் ரேகா பேசினாள். இரண்டே வாக்கியம். சொல்லும்போது ஒரு இருமல். பைப்பு வெடித்த அன்று காலை பத்துப் பெண்களை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை நியாயமாகத்தான் கேட்டிருக்கிறாள், அதற்குத் தனபாலன் வாயைத் திறக்கவே இல்லை, கடிகாரத்தைத் தட்டியிருக்கிறார், கேட்டைக் காட்டியிருக்கிறார், மறுக்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு ரோட்டைக் காட்டியிருக்கிறார். அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ரேகா சொன்னதற்கு மட்டும் ரேகாவே சாட்சியாக நின்றாள். வடிவு அன்றிலிருந்து தினமும் போய் அதற்குள் நின்றாள், வெயிலுக்குக்கூட நகரவில்லை.

முதல் வாரம் ஊரே வரிசையில் வந்து கேட்டது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள், வெளியூரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். இரண்டாவது வாரம் கம்பெனி, இந்தச் சத்தம் இப்படியே நின்றால் ஆர்டர் வராது, வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று ஜாடை காட்டியது. மூன்றாவது வாரம் ஐந்நூறு வீட்டிலிருந்தும் கையெழுத்துப் போட்டு நகராட்சிக்கு மனு போனது. போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ரேகாவைத் தூக்கி வளர்த்த அண்டைவீட்டுக்காரி போட்டாள், போட்டுவிட்டு வடிவு வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வரலாற்று வாத்தியார் மன்றத்தில் எழுந்து நின்றார், தன் பேத்தி இரண்டாவது ஷிப்டில் இருப்பது நினைவு வந்து உட்கார்ந்துவிட்டார்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் இளங்கோவன் தாளை எடுத்துக்கொண்டு தானே வந்தார். நல்ல மனுஷர், வடிவு முன்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

“வடிவக்கா, மேல இருந்து பிடுங்குதாவ. எப்பிடியும் எடுத்துருவாவ. நீங்க எடுத்தா ஒரு மரியாதை. இல்லன்னா நான் உலகம்மாளத்தான் கூப்பிடணும்.”

“எம்பிள்ள பேச்சு இன்னொருத்தி வாய்க்குள்ள போவணுமா சார்?”

“நான் என்னக்கா செய்ய?”

வடிவு இரண்டு நாள் யோசித்தாள். எடுத்தால் மறந்துபோகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் கிடையாது. ஆனாலும் ஒரு நப்பாசை அவளைப் பிடித்து ஆட்டியது. மறந்ததெல்லாம் ஊரான் சொல், இது வயிற்றில் சுமந்த பிள்ளையின் சொல், பெற்றவளுக்கு எப்படி மறக்கும்? வெளியே நின்று வெயிலிலும் மழையிலும் கண்டவன் காதில் விழுவதைவிட எனக்குள்ளேயே இருக்கட்டும், நான் சாகிறவரை எனக்குள்ளே பேசிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் அழுகைகூட ஓய்ந்துவிட்டது. “நானே எடுக்கேன்” என்று சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், பச்சைக் கோட்டோடு உலகம்மாளும் மற்ற இரண்டு பெண்களும், கேட்டுக்கு உள்பக்கம் தனபாலன், வெளியே பத்து மணி ஷிப்டுக்கு வந்து நின்ற பெண்கள். வடிவு முந்தானையில் முடிந்து கொண்டுவந்த உப்புக்கல்லை நாக்கடியில் வைத்தாள். ரேகாவுக்குள் போய் நின்றாள். அழுதுவிடுவோமோ, மனசு ஒட்டிக்கொள்ளுமோ என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள், அவளும் அப்படித்தான் பயந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பழகின நாக்கு, உப்பு கரித்தது, எதிரே நீலக் கேட்டு தெரிந்தது, முதல் வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது. வந்தது, போய்விட்டது.

இரண்டாவதைச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். இப்போது சொன்னோமே, என்ன சொன்னோம்? மகள் முதலில் யாரையோ கூப்பிட்டாளே, யாரை? என்னவோ ஒன்று தொந்தரவாக இருக்கிறதென்று சொன்னாளே, என்னது? வெறும் மூன்று விநாடிதான் ஆகியிருந்தது. உள்ளே தடவிப் பார்த்தாள், கழுவி ஊற்றிய தரைபோல் இருந்தது. மூன்று வாரம் நாள் முழுக்க நின்று கேட்ட வாக்கியம், அதில் ஒரு சொல் இல்லை. பெற்றவளுக்கும் மறக்கும் என்பது வடிவுக்குத் தெரிந்துபோனது. உப்பைத் துப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மிச்சத்தையும் சொல்லிருங்கக்கா,” என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக.

அவள் கையை எடுக்காமல் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். தனபாலன் கடிகாரத்தைத் தட்டினார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்க, உலகம்மாள் வந்து, உப்பைப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் நின்றாள். மிச்சம் நின்றதைக் கேட்டாள். அவளுடைய மருமகள் டிபன் டப்பாவோடு ஷிப்டு வரிசையில் மூன்றாவதாக நின்றாள், உலகம்மாள் அவளை ஒருதரம் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அதுவரைக்கும் நாங்க உள்ள போவல.”

சொல் போகவில்லை. ரேகாவின் குரல் நின்ற இடத்திலேயே நின்றது, பக்கத்தில் உலகம்மாள் குரலும் சேர்ந்து நின்றது. “மனசு ஒட்டிக்கிச்சி சார்,” என்று உலகம்மாள் உப்பைத் துப்பினாள். மற்ற இரண்டு பெண்களும் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே பின்னால் நகர்ந்தார்கள்.

பத்து மணிச் சங்கு ஊதியது. தனபாலன் விரலால் கேட்டைக் காட்டினார், பெண்கள் நகரவில்லை. கடிகாரத்தைத் தட்டினார், கையைக் கையில் அடித்தார், ரோட்டைக் காட்டினார். யாரும் ரோட்டையும் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷமாக வாசலில் வாய் திறக்காத மனுஷருக்கு அன்று பொறுமை விட்டுப்போனது.

“செத்தவ ஒருத்தி, அதுக்கு என்னத்துக்கு எல்லாரும் நிக்கிய? பைப்பு கசிஞ்சா கசியட்டும், உள்ள போங்கட்டி!”

கத்தியதும் ஓரடி பின்னால் போனார், தன் குரல் கேட்கவில்லை. திரும்ப முன்னால் வந்தார், கேட்டது, அதே வேகம், அதே ‘கசியட்டும்’. மனசாரத்தான் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் பச்சைக் கோட்டுப் பெண்களைப் பார்த்தார், அவர்கள் மூன்று பேரும் வேப்பங்கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கான்ஸ்டபிள் அந்த இடத்தில் போய் நின்று கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.

வடிவு இது எதையும் கவனிக்கவில்லை. எழுந்து வரிசையில் ஒவ்வொருத்தி கையாகப் பிடித்து, “மொதல்ல என்னட்டி சொன்னா? எம்பிள்ள மொதல்ல என்ன சொன்னா? நீ கேட்டல்லா, சொல்லுட்டி” என்று கெஞ்சிக்கொண்டு போனாள். ஒருத்தி தலையைக் குனிந்தாள், ஒருத்தி அழுதாள். கடைசியில் நின்ற சுபிதா அவள் கையை விடுவித்துக்கொண்டு, நேராகப் போய், ரேகா நின்ற இடத்துக்கு ஓரடி முன்னால் நின்றாள். தகப்பன் கையெழுத்து, கம்பெனி, தெருவில் நடக்கிற ஆட்கள், எல்லாம் அவள் முகத்தில் வந்து வந்து போனது.

“அண்ணாச்சி, இன்னிக்கு அந்த வாடை தொண்டையப் பிடிக்கு, பைப்பப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

அது நின்றது. அன்று அந்த ஷிப்டு உள்ளே போகவில்லை. அடுத்த ஷிப்டும் போகவில்லை. திங்கட்கிழமை போனார்கள், பைப்பை மாற்றிவிட்டதாக எழுதி ஒட்டியிருந்தார்கள், வயிறு இருக்கிறதே, போனார்கள். சுபிதாவுக்கு மட்டும் கேட்டு திறக்கவில்லை. மூன்று குரல்களையும், அவற்றோடு தனபாலன் குரலையும் எடுக்க ஜில்லா முழுக்க ஆள் தேடுவதாகச் சொல்கிறார்கள்.

ஆள் கிடைக்கும்வரை வடிவு தினமும் போகிறாள். முதலில் சுபிதாவுக்குள் நிற்பாள், அப்புறம் ஓரடி வைத்து ரேகாவுக்குள் நிற்பாள். சுபிதா ஒரு சொல்கூட மாற்றவில்லை, அப்படியே சொன்னாள் என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள், வடிவும் நம்புகிறாள். ஆனால் ஷிப்டு விட்டு வருகிற பெண்களை நிறுத்தி, அந்த ‘அண்ணாச்சி’யை அவள் எப்படிச் சொன்னாள், இழுத்துச் சொன்னாளா, இருமிக்கொண்டே சொன்னாளா என்று கேட்டால், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக் காட்டுகிறாள்.